பூச்சியம் எங்கே இருக்கிறது?

நெடுந்தீவிலே மலை இல்லை. நயினாதீவிலும் இல்லை, ஊர்காவற்றுறையிலும் இல்லை. சப்த தீவுகள் என்று நம் முன்னோர் பெயரிட்டழைத்த இந்நிலத் துண்டுகள் யாவும் கடலின் மீது விரித்துவிட்ட பாய்களைப் போலக் கிடக்கின்றன. அவற்றின் ஆக உயர்ந்த மேட்டில் ஏறி நின்றாலும், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு முதிர்ந்த பனையின் உச்சியளவுகூட நாம் உயர்ந்துவிட மாட்டோம். இத்தகைய நிலத்தில் உயரம் என்பது ஒரு பிரச்சினையாகுமோ என்று வாசகர் ஐயுறலாம். ஆகிறது. மலைநாட்டிலே தன் உயரத்தைப் பிழையாக அறிந்த விமானி மலையில் மோதுவான் என்பது யாவரும் அறிந்ததே. தட்டையான நாட்டிலோ நிமிர்ந்து நின்று எச்சரிக்க ஒன்றுமில்லாமையினாலேயே பிழை கண்ணிற்படாது மறைந்திருக்கிறது.

பலாலி விமான நிலையத்தின் ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடப்பது. வாடைக் காலத்திலே, காற்றை எதிர்கொண்டே இறங்க வேண்டுமாதலால், விமானங்கள் தென்மேற்கிலிருந்து வருதல் இயல்பு. ஓடுபாதையை அத்திசையில் நேர்கோடாக நீட்டிப் பார்த்தால், அக்கோடு ஏறக்குறைய வேலணையையும் புங்குடுதீவையும் தழுவிச் சென்று நெடுந்தீவை அண்மிக்கும். ஆகவே தீவகம் முழுவதும் பலாலிக்கு இறங்கும் ஒரு படிக்கட்டு எனலாம். 1947 டிசம்பர் 10ஆம் தேதி எயார் சிலோனின் முதலாவது டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் தங்கிச் சென்றது இந்த நிலையத்தில்தான். போர்க்காலத்து நெடுந் தடைக்குப் பின்னர், 2019 அக்டோபர் 17ஆம் தேதி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு அது மீண்டும் அயல்நாட்டு விமானத்தை வரவேற்றது.

இவ்வானில் இன்று மெய்யான விமானங்களேயன்றி, மெய்யல்லாத விமானங்களும் பறக்கின்றன. கணினித் திரைக்கு முன் அமர்ந்து, விமானமில்லாமலே விமானம் ஓட்டும் கலை ஒன்று வளர்ந்திருக்கிறது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1979இல் வெளியிட்ட சிறு நிரலொன்று அதன் தொடக்கம். 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனைத் தன் பெயரால் வெளியிட்டது. 2020இல் வந்த பதிப்போ பூகோளம் முழுவதையும் வான்படங்களினின்றே வனைந்து நம் கண்முன் நிறுத்திவிட்டது. தீவகத்தை விட்டுப் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டே, தந்தையார் பிறந்த ஊரின் மேலாக ஒரு மாலைப்பொழுதிற் பறக்கலாம். பயணச்சீட்டும் வேண்டாம், கடவுச்சீட்டும் வேண்டாம். விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் மெய்யான விமானிகளும் பயிற்சியின் பெரும் பகுதியைப் பாவனை விமானங்களிலேயே முடிக்கிறார்கள் என்பதை நினைவிற் கொள்வோமாக.

வானில் தனியே பறப்பது பறப்பாகாது. தரையிலிருந்து ஒரு குரல் வழிநடத்த வேண்டும். பாவனை உலகிலும் அக்குரல் உண்டு. சில இடங்களில் அது கணினியே பேசும் குரல். சில இடங்களில் உண்மையான மனிதரின் குரல். 2001இல் தொடங்கிய வற்சிம் என்னும் இணையக் கூட்டமைப்பில், ஊதியம் எதுவும் பெறாத ஆர்வலர்கள் தத்தம் வீடுகளில் அமர்ந்து கட்டுப்பாட்டாளர் வேலை பார்க்கிறார்கள். இங்கேதான் நம் கதைக்குரிய சிக்கல் எழுகிறது. புங்குடுதீவின் மேலே வருகிறான் ஒருவன். அவனது உயரமானி 2,000 அடி என்று காட்டுகிறது. முள் ஆடவில்லை, அசையவில்லை. தரையிலிருந்து குரல் வருகிறது: "நீர் 1,800 அடியில் நிற்கிறீர், உயரத்தைச் சரிபாரும்." முள் பொய் சொல்கிறதா? குரல் பொய் சொல்கிறதா? பெரும்பாலும் இரண்டுமே பொய் சொல்வதில்லை என்பதே இவ்விஷயத்தின் சுவை.

உயரமானி உயரத்தை அளப்பதேயில்லை. அது அளப்பது தலைக்கு மேலுள்ள காற்றின் பாரத்தை. டொரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காற்றுக்கும் பாரமுண்டு என்று காட்டினார். பஸ்கால் என்னும் பிரெஞ்சு ஞானி 1648இல் தம் மைத்துனரை ஒரு மலையின் மேல் அக்குழாயோடு ஏற்றுவித்து, மேலே செல்லச் செல்லப் பாரம் குறைவதை நிறுவினார். பின்னர் 1844இல் லூசியன் விடி என்பவர் பாதரசமில்லாத பாரமானியை ஆக்கினார்: காற்று நீக்கிய சிறு உலோகப் பேழையொன்று அமுக்கத்துக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் முள்ளை நகர்த்துவது அது. முகப்பிலே மில்லிபாருக்குப் பதிலாக அடிக்கணக்கை எழுதிவிட்டால் அதுவே உயரமானி. 1929 செப்டெம்பரில் ஜிம்மி டூலிட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி திரையிட்ட விமானத்தில் ஏறி, கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்து இறங்கியபோது அவர் கண்முன் இருந்தது கோல்ஸ்மன் செய்தளித்த நுட்பமான உயரமானி. அதன் ஓரத்தே ஒரு திருகு. முகப்பில் ஒரு சிறு சாளரம். அச்சாளரத்தில் இன்றைய கடல்மட்ட அமுக்கம் இவ்வளவு என்று விமானி பதிந்துவிட்டால், அங்கிருந்து மேலே எவ்வளவு தூரம் என்பதை முள் சொல்லும்.

அத்திருகு செய்வது ஒன்றே. பூச்சியம் எங்கே இருக்கிறது என்று யந்திரத்துக்கு அறிவிக்கிறது.

கடலோடிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இத்தனை பாகம் ஆழம் என்று ஒருவன் சொன்னால், அது பெருக்கில் அளந்ததா, வற்றில் அளந்ததா என்று மற்றவன் கேட்பான். நீர்மட்டமே ஏறி இறங்குவது. நம் தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் காற்றுக்கும் வற்றும் பெருக்கும் உண்டென்பதைப் பலர் அறியார். அயனமண்டல நாடுகளிலே வளியமுக்கம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது: காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், பின்னிரவு 4 மணியளவிலும் பிற்பகல் 4 மணியளவிலும் தாழ்வு. வேறுபாடு மூன்று நான்கு மில்லிபார் இருக்கும். தரையை அடுத்த காற்றில் ஒரு மில்லிபார் ஏறக்குறைய 28 அடிக்குச் சமம். எனவே மழையுமில்லாத, புயலுமில்லாத, ஓலைகூட அசையாத ஒரு நாளிலே, தரையில் நிறுத்திவைத்த விமானத்தின் உயரமானி காலைக்கும் மாலைக்குமிடையே 100 அடி தானாகவே ஏறிவிடும். தீவுகளின் மேட்டு நிலத்தைப் போலப் பல மடங்கு இது! கண்ணுக்குத் தெரியும் கடலின் பெருக்குக்குக் கரையிலே கம்பம் நட்டு அடையாளம் வைக்கிறோம். அதனினும் பெரிய இப்பெருக்கு நம் தலைக்கு மேலாகச் சத்தமின்றிப் போய்வருகிறது.

இது அமைதியான நாட்கணக்கு. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவிலே தாழமுக்கம் உருவாகும்போது நிலைமை வேறு. 1964 டிசம்பர் 22, 23ஆம் தேதிகளில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலை நம்மவர் இன்னும் மறக்கவில்லை. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலின் நடுவே அமுக்கம் 912 மில்லிபாருக்கு இறங்கியதாகக் கணித்திருக்கிறார்கள். அதனைச் சாதாரண நாளின் பூச்சியத்தோடு பறப்பவனது உயரமானி கிட்டத்தட்ட 3,000 அடி பொய் சொல்லும். அந்நேரத்தில் அங்கே எவனும் பறக்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஏழெட்டு மில்லிபார் குறைந்த, மேகம் தாழ்ந்த, மழைக்கால மாலையில் விமானங்கள் நாள்தோறும் பறக்கின்றன.

இப்போது புங்குடுதீவின் மேல் விட்டு வந்த நம் இளைஞனிடம் திரும்புவோம். அவன் உயரத்திலே பறந்து வந்தவன். உயரப் பறப்பவர் எல்லோரும் ஊருக்கொரு பூச்சியத்தை விட்டுவிட்டு, உலகுக்குப் பொதுவான 1013.25 மில்லிபார் என்னும் பூச்சியத்தை வைத்துக்கொள்வது சர்வதேச வழக்கு. எல்லோரும் ஒரே பிழையைச் செய்தால் ஒருவரோடொருவர் மோத மாட்டார் அல்லவா? இறங்கும்போதோ அந்தந்த ஊரின் அமுக்கத்துக்கு மாற வேண்டும். விமானிகள் அதனைக் கியூ.என்.எச். என்பார்கள். அவன் மாற்ற மறந்தான். பலாலியில் அன்று 1006; அவன் சாளரத்தில் இன்னும் 1013. ஏழு மில்லிபார், 200 அடி. கட்டுப்பாட்டாளர் 1,800 என்றது சரி. எந்த உயரத்தில் மாற வேண்டுமென்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் அது 18,000 அடி. பிற நாடுகள் பலவற்றில் அதனிலும் மிகத் தாழ்வு. அமெரிக்கரின் எண்ணையே உலகெங்கும் சுமந்து செல்லும் கணினிக் குரல்களுண்டு. அவற்றை நம்பி உள்ளூர் வழக்கை மீறியவன் மனிதக் கட்டுப்பாட்டாளரிடம் வசை வாங்குவான்.

அலகிலும் குழப்பம் உண்டு. அமெரிக்கர் பாதரச அங்குலத்தில் அமுக்கத்தைச் சொல்வர், மற்றையோர் மில்லிபாரில். "ஒன்பது, ஒன்பது, இரண்டு" என்று ஒருவர் சொல்ல, 992 மில்லிபார் என்று கொள்ள வேண்டியதை 29.92 அங்குலம் என்று மற்றவர் கொண்டால் வேறுபாடு 600 அடி. ஒரே ஓசை, இரண்டு பூச்சியங்கள்.

இனி, பாவனை உலகுக்கே உரிய நோய்கள் சில. மெய்யான விமானத்திலுள்ள ட்ரான்ஸ்பொண்டர் கருவி, விமானி தன் திருகை எங்கே வைத்திருந்தாலும் பொருட்படுத்தாமல், 1013.25இலிருந்து கணித்த உயரத்தையே தரைக்கு அனுப்பும். உள்ளூர் அமுக்கத்துக்கேற்ப அதனைத் திருத்திக்கொள்வது தரையிலுள்ள கணினியின் வேலை. ஆகவே திருகு விமானியின் கண்ணுக்கு மட்டுமே உரியது. கட்டுப்பாட்டாளரின் திரையை அது தொடாது. இந்த ஏற்பாட்டின் அருமையை எண்ணிப் பாருங்கள்: விமானி தவறு செய்தாலும் தரைக்கு உண்மை தெரிந்துவிடும். ஆனால் சில பாவனை நிரல்கள் இதனை உணராமல், விமானியின் முள் காட்டுவதையே எடுத்துக் கட்டுப்பாட்டாளருக்குக் கொடுத்துவிடுகின்றன. அப்போது விமானியின் தவறு இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது. இதனைக் கண்டுபிடிக்க எளிய உபாயம் ஒன்றுண்டு. ஒரே உயரத்தில் நிதானமாகப் பறந்துகொண்டு திருகை மாத்திரம் சற்றே திருப்பி, தரையில் எண் மாறுகிறதா என்று கேட்கலாம். மாறினால் நோய் நிரலில், மாறாவிட்டால் வேறெங்கோ. விளையாட்டிலே மட்டும் செய்யத்தக்க பரிசோதனை இது என்று சொல்லத் தேவையில்லை.

வானிலை அறிக்கை மற்றொரு மூலம். விமானம் ஓட்டும் நிரல் ஒரு மணியின் அறிக்கையையும், கட்டுப்பாட்டுக் குரல் வேறொரு மணியின் அறிக்கையையும் கையில் வைத்திருந்தால், இருவரும் இரு வேறு நாட்களில் வாழ்பவர் போலாவர். அண்மையில் அறிக்கை தரும் நிலையமில்லாத கடற்பரப்பிலே ஒரு நிரல் தூரத்து ஊரின் அமுக்கத்தை இரவல் வாங்கும். மற்றொன்று 1013 என்றே வைத்துக்கொள்ளும். மைக்ரோசொப்டின் விளையாட்டில் 'பி' என்ற விசையைத் தட்டினால் திருகு தானாகவே சரியான எண்ணுக்குப் போய்விடும் என்று பழகியவர் பலர். அவ்விசை விளையாட்டின் வானிலையை அறியுமேயன்றிக் கட்டுப்பாட்டாளரின் வானிலையை அறியாது.

எல்லாவற்றினும் நுட்பமானது வெப்பம். உயரமானியை ஆக்கியோர் கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள ஒரு கற்பனைக் காற்றை அடிப்படையாகக் கொண்டனர். நம் நாட்டில் எந்த மாதத்தில் 15 பாகை? வெப்பமான காற்று விரிந்து உயர்ந்து நிற்கும். ஆகவே முள் சொல்வதைவிட விமானம் மேலேயே இருக்கும். 10 பாகை கூடினால் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு. பலாலியிலே 2,000 அடி என்று முள் காட்டும்போது மெய்யான உயரம் 2,100ஐ எட்டலாம். யாழ்ப்பாணத்து வெயில் விமானிக்குச் செய்யும் சிறு உபகாரம் இது. பனிநாட்டுக் குளிரோ மறுதலையாக அவனை நிலத்துக்கு அருகே இறக்கிவிடும். 2020ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்விரிவையும் கணக்கில் எடுத்தது. முந்திய பாவனைகள் பல எடுக்கவில்லை. விளைவு விநோதமானது. வற்சிம் வானிலே, 35,000 அடி என்று இருவரது முட்களும் ஒருமித்துக் காட்ட, புதிய பதிப்பில் பறப்பவன் பழைய பாவனையில் பறப்பவனுக்கு மேலே 1,400 அடி உயரத்தில் காட்சியளித்தான். அவ்வுயரத்தில் ஒரு விமானத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியே 1,000 அடிதான்! கட்டுப்பாட்டாளர் திகைத்ததில் வியப்பென்ன? இதனைச் சரிசெய்யும் திருத்தங்கள் பின்னரே வந்தன.

அமுக்கப் பிழையையும் வெப்பப் பிழையையும் பிரித்தறிய வழியுண்டு. பத்து நிமிடம் முந்தி வைக்கப்பட்ட கடிகாரம் ஒன்று. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் விரைந்தோடும் கடிகாரம் வேறொன்று. முன்னது எப்போதும் பத்து நிமிடமே பிழை. பின்னது நாளாக ஆகப் பிழையை வளர்க்கும். அவ்வாறே 3,000 அடியிலும் 10,000 அடியிலும் வேறுபாடு ஏறத்தாழ ஒரே அளவாக நின்றால் திருகைப் பார்க்க வேண்டும். உயர உயர வேறுபாடு வளர்ந்தால் அது காற்றின் வெப்பம், திருகைத் தொடலாகாது. பலர் இதனையறியாது உயரத்தில் தோன்றிய வேறுபாட்டுக்காகத் திருகைத் திருப்பி, தாழ இறங்கியபின் மெய்யான பிழைக்கு ஆளாகிறார்கள்.

மெய்யான வானிலே இப்பிழைகளுக்கு விலை உண்டு. 2022 மே 23ஆம் தேதி பாரிஸின் சார்ல்ஸ் டி கோல் நிலையத்தை நோக்கி ஓர் எயார்பஸ் விமானம் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய அமுக்கம் 1001. கட்டுப்பாட்டாளர் வாய்தவறி 1011 என்றார். விமானிகள் 1011 என்றே திருப்பிச் சொன்னார்கள். திருப்பிச் சொல்வதைக் கேட்டுத் திருத்துவதற்கென்றே உள்ள அந்த ஏற்பாட்டில், அன்று திருத்துவார் இல்லை. பத்து மில்லிபார், 280 அடி. முட்கள் யாவும் ஒழுங்காகவே காட்டின. இரு விமானிகளின் கருவிகளும் ஒன்றையொன்று சரிபார்த்து ஒத்துக்கொண்டன. ஓடுபாதைக்கு ஒரு மைல் இருக்கையில் நிலம் கண்ணிற்படாமையால் விமானிகள் மேலெழுந்தனர். அப்போது விமானத்துக்கும் நிலத்துக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளி 6 அடி. ஓராள் உயரம்! வானலையால் நிலத்தைத் தொட்டு அளக்கும் வேறொரு கருவி அதனைப் பதிந்து வைத்திருந்தது.

பாரிஸில் நேர்ந்ததைப் பலாலிக்குப் பொருத்திப் பார்த்தால் கணக்கு அப்படியே வரும். மூன்று பாகைச் சரிவில் இறங்குபவன் கடல்மைலுக்கு ஏறக்குறைய 320 அடி இறங்குகிறான். ஆதலால் 280 அடிப் பிழை அவனை ஓடுபாதைக்கு முக்கால் மைலுக்கு மேல் முந்தியே நிலத்திற் சேர்க்கும். அங்கே செம்மண் தோட்டங்களும் குடிமனைகளுமே உள்ளன.

தரைக்கு உயரம் தெரியாமற் போனால் என்னாகும் என்பதற்கு இந்தியாவிலே பெருஞ் சான்றுண்டு. 1996 நவம்பர் 12ஆம் தேதி மாலை, டெல்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேல், 14,000 அடியில் ஏறிவந்த சவூதி விமானமும், 15,000 அடியில் நிற்கும்படி கட்டளை பெற்ற கசாக்ஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதின. பின்னது தன் படியில் நில்லாது கீழே இறங்கிவிட்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் சொன்ன எண்கள் சரியானவை. அவர் முன் இருந்த ராடார் திரையோ விமானங்களின் இடத்தைக் காட்டியதேயன்றி உயரத்தைக் காட்டவில்லை; விமானி வாயாற் சொன்னதே அவருக்குத் தெரிந்த உயரம். 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இன்று ஓர் இளைஞனின் கணினி தவறாகவேனும் கட்டுப்பாட்டாளருக்கு ஓர் உயரத்தை அனுப்புகிறது. அன்று டெல்லித் திரைக்கு அதுவும் கிட்டவில்லை.

ஆகவே கணினிப் பறப்பில் குரலும் முள்ளும் முரண்படும்போது பழகியவர் முதலில் வானத்தை விட்டு நிலத்துக்கு வருவார். பலாலி ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேல் 33 அடி. புறப்படுமுன், கட்டுப்பாட்டாளர் தந்த எண்ணைச் சாளரத்திற் பதிந்து முள்ளைப் பார்க்க வேண்டும்: 33க்கு அருகில் நிற்கிறதா? அமெரிக்க விமானிகள் 75 அடி வரையுள்ள பிசகைப் பொறுப்பார்கள். அதற்கு மேற்போனால் கருவியைச் சந்தேகிப்பார்கள். முள் 33இல் நிற்க, கட்டுப்பாட்டாளரின் திரை வேறு சொன்னால் அவர் பக்கத்து நிரலையும் வானிலையையும் பார்க்க வேண்டும். முள்ளே பிசகினால் நம் பக்கத்து அலகையும் எண்ணையும் பார்க்க வேண்டும். நிலத்தில் ஒத்துப்போய் வானத்தில் முரண்பட்டால் மட்டுமே 18,000 அடி வழக்கு, வெப்பம் ஆகியவற்றை ஆராய வேண்டும். இந்த வரிசையை மாற்றித் தொடங்கியவர்கள் பல மாலைப்பொழுதுகளை வீணே கழித்திருக்கிறார்கள்.

மெய்யான விமானத்திலும் அதே சோதனைதான். பிற்பகல் 4 மணிக்குப் பலாலியில் இறங்கிய விமானத்தின் முள் 33 அடியில் வந்து நிற்கும். திருகைத் தொடாமல் பூட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலை 10 மணிக்கு அதே ஆசனத்தில் ஏறி அமர்ந்து பார்த்தால், விமானம் ஓர் அங்குலமும் அசையாதிருக்க, முள் பூச்சியத்தையும் தாண்டிக் கீழே போயிருக்கும். கடலுக்கு அடியிலே 70 அடியில் நிற்கிறோம் என்று சொல்லும்.